களத்திலே உழவன், படத்திலே யார்?

பாகூர் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். கண்ணுக்கெட்டிய தொலைவுவரை வயல். புதுவையின் நெற்களஞ்சியம் என்று அந்த வட்டாரத்துக்குப் பெயர். நாற்று நடும் பெண்டிர், வரப்பு வெட்டும் ஆடவர், மடை திறந்து பாயும் நீர் — கண்ணில் படுவன இவையே. இந்த மண்ணில்தான் 1752ஆம் ஆண்டு ஒரு நாள், கீழ்வானம் வெளுக்குமுன்னே, இரண்டு வெள்ளையர் படைகள் மோதிக்கொண்டன. எவரேனும் சொன்னால்தான் தெரியும். வயல் சொல்லாது. வரலாறு எழுதியோர் சொன்னதும் பாதிதான்.

அவர்கள் சொன்ன பாதி இது. புதுச்சேரியில் டூப்ளேயின் ஆட்சி. கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையில் ஆங்கிலேயர். ஆர்க்காட்டு நவாபு யார் என்பதை, கடல் கடந்து வந்த இரண்டு வணிகக் கம்பெனிகள் முடிவு செய்யக் கிளம்பிய காலம். ஆங்கிலத் தளபதி ஸ்டிரிங்கர் லாரன்சு பின்வாங்குவதுபோலப் போக்குக் காட்டினார். டூப்ளேயின் உறவினரான பிரெஞ்சுத் தளபதி கெர்ழான் அவரைத் தொடர்ந்து வந்து, பாகூர் அருகே பாளையம் இறங்கினார். லாரன்சு திரும்பினார். இருள் பிரியுமுன் தாக்கினார். துப்பாக்கி முனையில் செருகிய கத்திகள் ஒன்றோடொன்று மோதின. கெர்ழான் சிறைப்பட்டார். ஆங்கிலேயர் வென்றனர்.

சொல்லாத பாதி என்ன? இருபுறமும் நின்ற ஐரோப்பியர் சில நூற்றுவரே. சிப்பாய்களோ அவர்களைப்போலப் பன்மடங்கு. அந்தச் சிப்பாய் யார்? இந்நாட்டு மகன். இந்தக் கொடியின்கீழ் நின்றவனும் இந்நாட்டான். அந்தக் கொடியின்கீழ் நின்றவனும் இந்நாட்டான். குத்தியவனும் குத்துப்பட்டவனும் ஒரே கஞ்சியைக் குடித்து வளர்ந்தவர்கள். மிதிபட்ட வயலுக்கு உரியவனோ, இரண்டு கம்பெனிகளுக்கும் எந்தத் தீங்கும் செய்யாதவன். லாரன்சின் பெயர் நூலில் இருக்கிறது. கெர்ழானின் பெயர் நூலில் இருக்கிறது. இவன் பெயர்?

எட்டாண்டு கழித்து, 1760இல், ஐர் கூட்டின் படை வில்லியனூர்க் கோட்டையைக் கைப்பற்றியது. 1761 சனவரியில் புதுச்சேரியே சரணடைந்தது. நகரம் இடித்துத் தகர்க்கப்பட்டது. அங்கும் இதே கதைதான். வென்றவர் பெயர் உண்டு, தோற்றவர் பெயர் உண்டு. சுமந்தவன் பெயர் இல்லை.

இது வெள்ளையன் கொண்டுவந்த பழக்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. பாகூருக்குப் புகழ் சேர்க்கும் செப்பேடு ஒன்று உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அவ்வூர்க் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியை அது சொல்கிறது. ஆண்டவன் யார் என்று சொல்கிறது. எந்த ஊர்கள் கைமாறின என்று சொல்கிறது. அந்த மூன்று ஊர்களிலும் ஏர் பிடித்தவனைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை.

செப்பேட்டில் அவன் இல்லை. போர் வரலாற்றில் அவன் இல்லை. மக்கள் காசு கொடுத்துப் பார்த்த படக்காட்சியிலாவது அவனுக்கு இடம் கிடைத்ததா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஊமைப்படக் காலத்துப் போர்ப்படங்களைக் காணப் புகுவோம்.

ஊமைப் படமும் அதன் வாயும்

1905இல், திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். கொட்டகையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். வெள்ளைத் திரையில் நிழல்கள் ஓடின, அழுதன, சிரித்தன, ஆனால் பேசவில்லை. இடையிடையே எழுத்து அட்டைகள் வரும். எழுதப் படிக்கத் தெரிந்தவர் அன்று எத்தனை பேர்? ஆகவே, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சொல்லுவார். ‘இவன்தான் அரசன், இவன்தான் வஞ்சகன்’ என்பார். கூட்டம் அவர் வாயைக் கேட்டு, அவர் காட்டிய பக்கம் கைதட்டும்.

இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். படம் ஊமை. ஆகவே அதற்கு வாயாக நின்றவர் சொன்னதே உண்மை ஆயிற்று. பேசாத படத்தைப் பேச வைப்பவர் யார் என்பதே ஊமைப்பட வரலாற்றின் பெரிய கேள்வி.

முதலில் அந்த வாய் புராணம் பேசியது. 1913இல் பால்கேயின் ‘ராஜா அரிச்சந்திரா’ வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில், சென்னையில் நடராச முதலியார் ‘கீசக வதம்’ எடுத்தார். முன்னோடிகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. கருவி இல்லாத இடத்தில் கருவி செய்தவர்கள் அவர்கள். ஆயினும், புதுக் கருவிக்குப் பழங்கதையே தீனி ஆயிற்று என்பதை மறைக்க முடியாது. வானத்திலிருந்து மலர் பொழிவதைக் காட்ட முடிந்த அந்தக் கருவிக்கு, மண்ணில் வியர்வை பொழிவது நெடுநாள் தெரியவில்லை.

கோட்டை ஏறிய உழவர்

அந்த நிலையில், 1923இல் கோலாப்பூரிலிருந்து ‘சிங்ககட்’ என்ற படம் வெளிவந்தது. எடுத்தவர் பாபுராவ் பெயின்டர். 1670இல், கொண்டாணா என்ற மலைக்கோட்டையைச் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே இரவோடிரவாகத் தாக்கிப் பிடித்து, அந்தக் களத்திலேயே மாண்ட நிகழ்ச்சியே கதை. அரி நாராயண ஆப்தே எழுதிய மராத்தி நாவலைத் தழுவியது. தேவர் இறங்கி வரவில்லை. முனிவர் சாபம் இடவில்லை. மனிதர் கயிற்றைப் பற்றி ஏறினர், மனிதர் வெட்டினர், மனிதர் விழுந்தனர். இரவுக் காட்சிகளுக்காகச் செயற்கை விளக்கொளியைப் பயன்படுத்திய துணிவும் அந்தப் படத்துக்கு உண்டு. திரண்ட கூட்டத்தைக் கண்ட பிறகுதான் பம்பாய் அரசுக்குக் கேளிக்கை வரி போடும் எண்ணமே வந்தது என்று திரைப்பட வரலாற்றில் பேசப்படும் அளவுக்கு வரவேற்பு இருந்தது.

இந்நாட்டில் எடுக்கப்பட்ட ஊமைப் படங்கள் ஏறத்தாழ 1,300. எஞ்சியவை மிகச் சிலவே. ஆகவே, அக்காலப் படங்களில் பெரும்பாலானவற்றை இன்று எடைபோட, மூலக்கதையும் கண்டவர் எழுதிவைத்த குறிப்புகளுமே துணை. அவற்றைக்கொண்டே சொல்கிறேன்: புராணத்திலிருந்து வரலாற்றுக்கு வந்தது ஒரு படி ஏற்றம். அதை மனமாரப் பாராட்ட வேண்டும்.

பாராட்டிவிட்டுக் கேட்கவும் வேண்டும். கோட்டை மதிலேறியவர்கள் யார்? மாவளர். மாவள் பள்ளத்தாக்குகளில் மழையை நம்பி உழுது பிழைத்த எளிய குடிகள். கோட்டைக்குள்ளே எதிர்த்து நின்ற தலைவன் யார்? உதயபானு, முகலாயருக்கு ஊழியம் செய்த ராஜபுத்திரன். இதை இரு மதங்களின் மோதலாகக் காட்டப் பின்னாளில் பலர் முயன்றதுண்டு. களத்தில் இருந்த பெயர்களே அந்தக் கட்டுக்கதையை உடைக்கின்றன. பாகூரில் நடந்தது போலவே அங்கும் ஆட்சிக்கு ஆட்சி மோதியது. ஊழியம் செய்தவர் இருபுறமும் செத்தனர். நாவலின் பெயருக்கே ‘கோட்டை கிடைத்தது, சிங்கம் போயிற்று’ என்று பொருள். சிங்கம் ஒன்று போனதற்கு நாடு அழுதது, அழ வேண்டியதுதான். சிங்கத்தோடு போன நூற்றுக்கணக்கானவர்களை எண்ணிச் சொல்ல ஓர் எழுத்து அட்டைக்குக்கூடப் பஞ்சமா?

வெட்டப்பட்ட கொடி

வரலாற்றுப் போர்ப்படத்துக்கு எத்தகைய ஆற்றல் உண்டு என்பதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தது வெள்ளை அரசு. 1930இல் பிரபாத் கம்பெனி சிவாஜியின் இளமைப் போரைப் படமாக்கியது. வி. சாந்தாராம் இயக்கி, அவரே சிவாஜியாகவும் நடித்தார். ‘சுயராஜ்யத் தோரணம்’ என்று பொருள்படும் பெயரை அதற்குச் சூட்டினர். உப்பு அள்ளியவரைச் சிறையில் தள்ளிக்கொண்டிருந்த ஆண்டு அது. தணிக்கையாளர் அந்தப் பெயரைப் பொறுப்பாரா? பெயர் மாறிற்று, ‘உதயகால்’ ஆயிற்று. கோட்டையில் கொடி ஏறும் காட்சியும் கத்தரிக்கு இரையாயிற்று.

எண்ணிப் பாருங்கள். வாயில்லாத படம்! முழக்கமிடாத படம்! முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கதை! அதிலே அசைந்த ஒரு துண்டுத் துணியைக் கண்டு, பீரங்கி வைத்திருந்த அரசு அஞ்சியது. கொட்டகையில் இருந்தவன் அந்தக் கொடியைப் பழைய கொடியாகப் பார்க்க மாட்டான், நாளைய கொடியாகப் பார்ப்பான் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. கலையால் ஆவதொன்றும் இல்லை என்போர் இந்தக் கத்தரிக்கோலுக்கு விடை சொல்லட்டும்.

ஆனால், ஆற்றல் உடையது எதுவும் இருபுறமும் வெட்டும். 1915இல் அமெரிக்காவில் கிரிபித் எடுத்த ‘ஒரு நாட்டின் பிறப்பு’, அந்நாட்டு உள்நாட்டுப் போரைப் புகையும் நெருப்புமாகத் திரையில் நிறுத்தியது. படக்கலை கற்போர் இன்றளவும் அதன் போர்க்காட்சிகளைப் பாடமாகப் படிக்கின்றனர். அதே படம், விடுதலை பெற்ற கருப்பின மக்களைக் கொடியவர்களாகவும், அவர்களை வேட்டையாடிய முகமூடிக் கூட்டத்தை மீட்பர்களாகவும் காட்டியது. அந்த ஆண்டே அந்தக் கூட்டம் மீண்டும் உயிர்பெற்று எழுந்தது. கருப்பின மக்களின் உரிமைச் சங்கத்தார் ஊர்தோறும் அந்தப் படத்தை எதிர்த்து நின்றனர். காட்சி அழகாயிருக்கிறது என்பதற்காகக் கருத்தை மன்னிக்கச் சொல்வோர் நம்மிடையேயும் உளர். நஞ்சு கலந்தது வெள்ளிக் கிண்ணத்திலே என்பதால் நஞ்சு மருந்தாகிவிடாது.

மூன்று திரையும் ஒரு சமையலறைப் பணியாளும்

புதுவையை ஆண்ட பிரான்சு நாட்டிலே, 1927இல் ஆபெல் கான்சு ‘நெப்போலியன்’ படத்தை வெளியிட்டார். இறுதிக் காட்சியில் ஒரு திரை போதாதென்று மூன்று திரைகளைப் பக்கம் பக்கமாக விரித்து, இத்தாலியில் நுழையும் படையைக் காட்டினார். பள்ளிச் சிறுவரின் பனிக்கட்டிச் சண்டையில் தொடங்கி, தூலோன் முற்றுகையின் மழையும் சேறும் வழியாக வளரும் அந்தப் படத்தின் ஆற்றலை மறுப்பவர் கலையை அறியாதவர்.

ஆயினும் புதுவைக்காரன் அந்தப் படத்தைப் பார்க்கும்போது அவனுக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு. தூலோன் முற்றுகை நடந்தது 1793இல். அதே 1793இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தனர். திரும்பத் தந்தது 1816இல். இடையே 23 ஆண்டுகள், பாகூரிலும் வில்லியனூரிலும் விளைந்த நெல்லுக்கு வேறொருவன் வரி வாங்கினான். நெப்போலியனின் குதிரை ஐரோப்பா எங்கும் பாய்ந்தது. அதன் குளம்பொலியில் இங்கே கொடி இறங்கியது, கொடி ஏறியது. மூன்று திரை விரித்தும் அந்தக் குளம்படியில் கிடந்த இந்த வயல் அதில் விழவில்லை. நான்காவது திரை ஒன்று வேண்டியிருந்தது!

கான்சின் படத்தில் ஒரு சிறு பாத்திரம் உண்டு. பெயர் திரிஸ்தான் பிளெரி. நெப்போலியன் படித்த பள்ளியின் சமையலறையில் வேலை செய்த எளியவன். தூலோனில் விடுதிக்காரனாக வருவான். பிறகு போர்வீரனாகவும் வருவான். தலைவன் கண்ணில் ஒருமுறை பட்டுவிட வேண்டுமென்று படம் முழுதும் அவன் பின்னே அலைவான். என் நெஞ்சைத் தொட்டவன் கழுகுபோல் நிற்கும் மாவீரன் அல்லன், இந்தப் பணியாள்தான். வரலாற்றில் எளியவன் இருக்கும் இடத்தை ஆசிரியர் அறிந்தோ அறியாமலோ அங்கே சரியாகக் காட்டிவிட்டார்.

‘மக்களையே தலைவனாக்கு’ என்று புறப்பட்டது சோவியத்துப் படக்கலை. ஐசன்ஸ்டைன் தம் ‘அக்டோபர்’ படத்தில், 1917இல் குளிர்கால அரண்மனை வீழ்ந்ததைத் தனி வீரன் எவனையும் முன்னிறுத்தாமல் கூட்டத்தைக்கொண்டே காட்டினார். போற்றத்தக்க மாறுதல். ஆனால், உண்மையில் நடந்த தாக்குதலைவிடப் படத்தில் நடந்தது பன்மடங்கு பெரியது. மன்னனை ஊதிப் பெருக்கியது பிழையென்றால், கூட்டத்தை ஊதிப் பெருக்குவதும் பிழைதான். மக்கள் மீதுள்ள அன்பு உண்மைக்கு விலக்குச் சீட்டு ஆகாது.

விடை தந்த படம்

அப்படியானால் வழி எது? வழியைக் காட்டியவர் ‘சிங்ககட்’ எடுத்த அதே பெயின்டர்தான். இரண்டே ஆண்டு கழித்து, 1925இல், ‘சாவ்காரி பாசம்’ என்ற ஊமைப் படத்தை எடுத்தார். பாசம் என்பது இங்கே அன்பன்று, சுருக்குக் கயிறு. லேவாதேவிக்காரனின் சூழ்ச்சியில் நிலத்தை இழந்த உழவன், ஊரை விட்டு நகரத்துக்குப் போய் ஆலைக் கூலியாகிறான். வாள் இல்லை, கோட்டை இல்லை, குதிரை இல்லை. இருண்ட குடிசையும், ஊளையிடும் நாயும், கைவிட்டுப் போன காணியும்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘சிங்ககட்’ படத்தில் முதிய வீரர் சேலாராக நடித்த சாந்தாராம்தான், ‘சாவ்காரி பாச’த்தில் நிலமிழந்த இளம் உழவனாக நடித்தார். அங்கே கோட்டையைப் பிடித்த கை, இங்கே காணியைக் காக்க முடியாத கை. இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்; முதற்படம் கேட்க மறந்த கேள்வியை இரண்டாம் படம் கேட்கிறது. கோட்டை கிடைத்தது, சரி. கோட்டையைப் பிடித்தவனுக்கு என்ன கிடைத்தது?

போர்ப்படம் எதுவானாலும் அதை உரைத்துப் பார்க்கும் கல் இதுதான். வாள் எப்படி மின்னிற்று என்று கேட்பதோடு நிற்காதீர்கள். போர் ஓய்ந்த மறுநாள் காலையில் நிலம் யாரிடம் இருந்தது என்று கேளுங்கள்.

தமிழ் மண்ணுக்கு அருகே ஒரு சான்று. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரிக்க, பி. வி. ராவ் இயக்கத்தில், 1933இல் ‘மார்த்தாண்ட வர்மா’ என்ற ஊமைப் படம் வந்தது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நூலின் உரிமை குறித்த வழக்கில் சிக்கி முடங்கியது. அதன் படச்சுருள் இன்று புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மாவின் பெயரை உலகறியச் செய்தது 1741இல் டச்சுப் படையை முறித்த குளச்சல் போர். கதையோ அதற்கு முன்பே, அரியணைப் போட்டியோடு முடிந்துவிடுகிறது. யார் முடிசூடுவது என்ற சண்டைக்குப் படச்சுருள் கிடைத்தது. அயலாரைக் கடற்கரையில் எதிர்த்து நின்ற களத்துக்குக் கிடைக்கவில்லை.

நம் களம்

மீண்டும் பாகூருக்கு வருவோம். உலகின் புகழ்பெற்ற போர்ப்படங்களின் வரிசையில் அந்தப் பெயர் இல்லை. வாட்டர்லூ எந்த நாட்டிலிருக்கிறது என்று சொல்லும் நம் பிள்ளை, தன் ஊர் ஏரிக்கு அப்பால் நடந்தது என்ன என்று சொல்ல மாட்டான். குற்றம் பிள்ளையுடையதன்று. சொல்லாதவர்களுடையது.

வில்லியனூர்ப் பகுதியிலும் ஒரு களம் உண்டு. வாளே இல்லாத களம். கீழூர் என்ற சிற்றூரில், 1954 அக்டோபர் 18ஆம் நாள், பிரெஞ்சிந்தியாவின் எதிர்காலத்தை முடிவு செய்ய 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர்; 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்டு 16இல் அது சட்டப்படி நிறைவுற்றது. லாரன்சும் கூட்டும் லாலியும் டூப்ளேயும் குருதி கொட்டித் தீர்க்க முயன்ற வழக்கை, ஒரு சிற்றூர்க் கொட்டகையில் தாளும் பெட்டியும் தீர்த்துவைத்தன. ஊமைப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி உண்டா? ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள், தாளை இடுகிறார்கள், போகிறார்கள். ஒரு பேரரசு முடிகிறது. ஓசையே தேவையில்லை.

அங்கும் நம் உரைகல்லை ஒளித்துவைக்கக் கூடாது. வாக்களித்தவர் 178 பேர். வெளியே வரப்பில் நின்று முடிவுக்குக் காத்திருந்தவனையும் படம் காட்டவேண்டும். கொடி மாறியபின் அவன் காணி என்னவாயிற்று என்றும் கேட்கவேண்டும். வயல்கள் வீட்டுமனைகளாகும் இந்நாளில் அது பழங்கேள்வியும் அன்று.

படம் எடுப்பது இன்று பெருஞ்செல்வர் தொழில் மட்டும் அன்று. வில்லியனூரிலும் பாகூரிலும் கல்லூரிக்குச் செல்லும் இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கருவி இருக்கிறது. பெயின்டர் தம் கையால் செய்துகொள்ள வேண்டியிருந்த கருவியைவிட அது வலிமை மிக்கது. எடுங்கள், பாகூர்ப் போரை. லாரன்சை ஓரமாய் நிறுத்துங்கள். கெர்ழானை ஓரமாய் நிறுத்துங்கள். முன்னிலையில் இரண்டு சிப்பாய்கள் நிற்கட்டும். ஒருவன் கொடி வேறு, மற்றவன் கொடி வேறு, இருவர் பசியும் ஒன்று. அவர்களுக்குப் பின்னே, மிதிபட்ட கதிரைக் கையில் ஏந்தி ஓர் உழத்தி நிற்கட்டும்.

அவள் ஒன்றும் பேச வேண்டாம். இத்தனை காலம் அவளுக்காகப் பேசியவர்கள் சற்றே வாய்மூடி இருந்தால் போதும், படம் பேசும்.